ஆட்டத்தை முடித்துவைக்கும் உரிமை யாருக்கு?

2001 நவம்பர் 15 அன்று மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அந்தப் பெட்டியைத் தூக்கி நிறுத்திய ஆட்டம் ‘ஹேலோ: காம்பாட் இவால்வ்டு’. பன்ஜி நிறுவனம் உருவாக்கிய துப்பாக்கி ஆட்டம் அது. அதைக் கொண்டாடுகிறவர்கள் பலர் மறந்துவிட்ட ஒரு சங்கதி உண்டு. எக்ஸ்பாக்ஸில் வந்த அந்த ஹேலோவை இணையம் வழியே ஆட நேரடி வழி எதுவும் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை பிறந்ததே அதற்கு ஓராண்டு கழித்துத்தான். நான்கு பெட்டிகளைக் கேபிளால் பிணைத்து, ஒரே வீட்டில் 16 பேர் கூடி ஆடலாம், அத்தோடு சரி. கடல் கடந்து இருப்பவரோடு ஆடும் வசதி, 2003 செப்டம்பர் இறுதியில் கியர்பாக்ஸ் நிறுவனம் இதை விண்டோஸ் கணினிக்கு மாற்றிக் கொடுத்தபோதுதான் முறைப்படி வந்தது. இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. அந்தக் கணினிப் பதிப்பின் சர்வர்களில் இன்றும் ஆள் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பளபளப்பான ஆட்டங்கள் இதற்குள் அணைந்துபோய்விட்டன. இந்த ஆயுளுக்குக் காரணம் ஆட்டத்தின் தரம் மட்டும் என்று சொல்ல முடியாது. தரமான பல ஆட்டங்கள் மாண்டிருக்கின்றன. விற்றவரின் அக்கறை என்றும் சொல்ல முடியாது. அது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. சர்வரை நடத்தும் மென்பொருள் வாங்கியவர்கள் கையிலேயே இருந்தது என்பதுதான் முதற்காரணம். இணையத்தில் சேர்ந்து ஆடும் ஆட்டத்தைக் காசு வாங்கி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், தான் கடையைக் கட்டும் நாளிலாவது அந்த மென்பொருளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதைச் சட்டமே கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

அதற்குமுன், இதில் அப்படி என்ன இன்பம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேம்பேடின் குமிழைக் கட்டைவிரலால் தள்ளிக் குறிபார்ப்பது, மவுஸை நகர்த்திக் குறிபார்ப்பதைவிட மெதுவான வேலை. கன்சோலுக்காக எழுதுகிறவர்கள் அந்த மெத்தனத்தை வைத்துக்கொண்டே சுவையான ஆட்டத்தைப் படைக்க வேண்டியிருந்தது. அக்காலத்துக் கணினி ஆட்டங்களான குவேக், அன்ரியல் டோர்னமென்ட் இரண்டிலும் ஆள் பம்பரமாகச் சுழல்வார். வழியில் கிடைக்கும் ஆயுதம் அத்தனையையும் சுமந்துகொண்டு ஓடுவார். ஹேலோவில் கையில் இரண்டே ஆயுதங்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றைப் போட வேண்டும், அந்தத் தேர்விலேயே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடும். துப்பாக்கியைக் கீழே வைக்காமல் ஒரு பொத்தானில் வெடிகுண்டு, இன்னொன்றில் அடி. கவசம் தீர்ந்தால் மறைவில் பதுங்கி அது நிரம்பும்வரை காத்திருக்கலாம். ஆகவே முதல் அடி வாங்கியவருக்கும் தப்பிப் பிழைத்துத் திரும்பி வர ஒரு வாய்ப்பு உண்டு. தொடக்கத்திலேயே கையில் தரப்படும் கைத்துப்பாக்கி, தலையில் மூன்று முறை பட்டால் ஆளை வீழ்த்திவிடும். எளிய ஆயுதமே திறமைசாலியின் கையில் பேராயுதம். நிதானமாக வடிக்கப்பட்ட இந்த ஆட்டத்தின்மேல் மவுஸின் துல்லியத்தை ஏற்றியபோது, கன்சோலிலும் இல்லாத, வழக்கமான கணினி ஆட்டங்களிலும் இல்லாத ஒரு கலவை கிடைத்தது. கியர்பாக்ஸ் தன் பங்குக்கு ஆறு புதிய களங்களைச் சேர்த்தது. எக்ஸ்பாக்ஸில் கதைப்பகுதியில் மட்டும் ஓட்ட முடிந்த பான்ஷீ என்ற பறக்கும் வண்டியை எதிரெதிர் ஆட்டத்துக்கும் கொண்டுவந்தது. தீ உமிழும் துப்பாக்கியையும் கொடுத்தது. வார்ட்ஹாக் ஜீப்பில் ஓட்ட ஒருவர், பின்னால் பீரங்கியைத் திருப்ப ஒருவர், பக்கத்தில் ஒருவர் என மூவர் ஏறலாம். முன்பின் தெரியாத மூவர் ஒரு சொல்லும் பேசாமல் அதில் ஏறி, ‘பிளட் கல்ச்’ பள்ளத்தாக்கின் எதிர்முனைக்குப் போய்க் கொடியைத் தூக்கிக்கொண்டு திரும்புவதில் இருக்கும் ஒத்திசைவு, தனியாளாய்க் கணக்கு ஏற்றும் ஆட்டங்களில் கிடைக்காது.

இனி குறைகளைச் சொல்லலாம், ஏனென்றால் என் வாதத்துக்கு அவைதான் பலம். இந்தக் கணினிப் பதிப்பு உயர்ந்த கைவேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அட்டைப்பெட்டியில் குறைந்தபட்சம் 733 மெகாஹெர்ட்ஸ் கணினி போதும் என்று போட்டிருந்தது. உண்மையில் அப்போதைய நல்ல கணினிகளே மூச்சு வாங்கின. இருவர் சேர்ந்து கதையை ஆடும் வசதி, எக்ஸ்பாக்ஸ் ஆட்டத்தின் பெருமைகளில் ஒன்று, கணினியில் இல்லவே இல்லை. சில ஒளி விளைவுகளும் மேற்பரப்புகளும் மூல ஆட்டத்தில் இருந்ததுபோல் வரவில்லை. 2011-இல் வந்த ஆண்டுநிறைவுப் பதிப்பு இந்தக் கணினிப் பதிப்பின்மேல் கட்டப்பட்டதால், அந்தப் பிழைகள் அதற்கும், பின்னர் அதை உள்ளடக்கிய தொகுப்புக்கும் பரம்பரைச் சொத்துபோல இறங்கின. 2021-இல்தான் அவற்றில் பலவற்றைத் திருத்தினார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் குண்டு படுவது. உங்கள் திரையில் எதிரி நிற்கும் இடத்தில் சுட்டால் குண்டு படாது. நீங்கள் சுட்ட செய்தி சர்வரைச் சென்றடையும் நேரத்தில் அவர் எங்கே இருப்பாரோ, அந்த வெற்றிடத்தில் சுட வேண்டும். இணைப்பின் தாமதத்தை மனசுக்குள் கணக்கிட்டு, ஓடுகிறவருக்கு முன்னால் குறிவைக்கும் இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் அதையே ஒரு கலையாகப் பேசுவார்கள். புதிதாக வருகிறவருக்கு அது தலைவலி.

இந்தத் தாமதம் நம்மூர் வாசகருக்கும் நேரடியாகப் பொருந்தும் விஷயம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு 13 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர மட்டும் 130 மில்லிநொடி ஆகிறது. கேபிள்கள் நேர்க்கோட்டில் கிடப்பதில்லை. வழியில் பல கருவிகளைக் கடக்கவும் வேண்டும். நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர்தான். கடலடிக் கேபிளும் நேராகவே இருக்கிறது. அங்கே சர்வர் இருந்தால் தாமதம் பல மடங்கு குறைந்துவிடும். 200 மில்லிநொடியில் ஹேலோவின் வீரர் தன் உடலகலத்தைவிடக் கூடுதலான தூரம் நகர்ந்துவிடுகிறார். அதாவது சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தி இல்லை. ஆடுகிறவருக்கு ஆட்டம் இன்பமா இம்சையா என்பதையே அது தீர்மானிக்கிறது. நிறுவனமே சர்வர் நடத்தினால், தனக்கு ஆதாயம் தரும் சந்தைக்குப் பக்கத்தில் வைக்கும். மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் நூறு பேருக்காக யாரும் சர்வர் வைக்கமாட்டார்கள். அதில் குற்றம் காணவும் முடியாது. ஆனால் மென்பொருள் கையில் இருந்தால் அந்த நூறு பேரே வைத்துக்கொள்ளலாம்.

ஹேலோவின் கணினிப் பதிப்பு அந்த மென்பொருளைக் கையில் கொடுத்தது. தனி சர்வர் நடத்த எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு சாதாரணக் கணினியும் நிற்காத இணைப்பும் போதும். அதன் விளைவு அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. ஒரு சர்வரில் வண்டிகளே கிடையாது. இன்னொன்றில் தொலைநோக்கித் துப்பாக்கி மட்டும். வேறொன்றில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே களம், ஒரே கொடிச்சண்டை. நடத்துபவரின் ருசிக்கேற்ப விதி, அந்த விதி பிடித்தவர்களே வாடிக்கையாளர்கள். அதே பெயர்களை அடுத்தடுத்த இரவுகளில் பார்த்துப் பழகிப் போனவர்கள் குழுக்களாகச் சேர்ந்தார்கள். 2004-இல் கியர்பாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டத்தை வாங்கியவர்களுக்கு ‘கஸ்டம் எடிஷன்’ என்ற தனிப்பதிப்பையும் களங்களை உருவாக்கும் கருவிகளையும் இலவசமாகக் கொடுத்தது. இதற்கு உதவி ஏதும் எதிர்பார்க்காதீர்கள் என்ற நிபந்தனையோடுதான். எதிர்பார்க்கவும் இல்லை. பனிமலை, நகரம், தீவு என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் களங்களைக் கட்டிக் குவித்தார்கள். ஒரு சர்வருக்குள் நுழையும்போதே அதன் களத்தைத் தானாக இறக்கித் தரும் கருவியை எழுதியவர்களும் அவர்களே. முன்பு சொன்ன குறிபார்க்கும் சிக்கல் இருக்கிறதே, அதற்கும் மருந்து வந்தது: சுடுபவரின் திரையில் குறி சரியாக இருந்தால் பட்டதாகவே கணக்கிடும் வசதியைச் சர்வர் நடத்துபவர்கள் பொருத்திக்கொள்ள முடிந்தது. பழைய முறையே வேண்டும் என்றவர்களுக்கு அதுவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க எந்த நிறுவனமும் மெனக்கெட்டிருக்காது.

உண்மையான சோதனை 2014-இல் வந்தது. அக்காலத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குச் சர்வர் பட்டியல் தந்துகொண்டிருந்தது கேம்ஸ்பை என்ற சேவை. கைமாறிக் கைமாறிச் சென்ற அந்தச் சேவையை 2014 மே 31-உடன் நிறுத்துவதாக உரிமையாளர்கள் அறிவித்தார்கள். பேட்டில்ஃபீல்டு 1942, கிரைசிஸ் உட்படத் தங்கள் ஆட்டங்கள் பலவற்றின் இணைய வசதி இதோடு போய்விடும் என்று பெரிய வெளியீட்டாளர்களே கைவிரித்தார்கள். ஹேலோவும் அந்தப் பட்டியலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஹேலோவில் சண்டை நடப்பது ஆடுபவரின் கணினிக்கும் சர்வருக்கும் இடையே. கேம்ஸ்பை செய்தது எந்தெந்த முகவரியில் சர்வர் இருக்கிறது என்ற பட்டியலைக் கொடுத்தது மட்டுமே. பட்டியல் தருபவரை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அந்த மே மாதத்திலேயே 1.0.10 என்ற பேட்ச் வந்தது. பன்ஜியின் பொறியாளர் ஒருவரும் ரசிகர்களும் சேர்ந்து அதை முடித்தார்கள். பட்டியல் ரசிகர்கள் நடத்தும் முகவரிக்கு மாறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2007-லேயே பன்ஜி மைக்ரோசாஃப்டைவிட்டுப் பிரிந்துவிட்டது. ஹேலோவின் உரிமையும் அவர்களிடம் இல்லை. ஆதாயம் எதுவும் இல்லாத பழைய கடனை ஒருவர் தீர்த்துவிட்டுப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நல்ல மனசு பலித்ததற்குக் காரணம், தீர்க்கக்கூடிய அளவுக்குச் சிக்கல் சிறிதாக இருந்தது. சர்வர் மென்பொருள் நிறுவனத்தின் அறைக்குள் பூட்டிக் கிடந்திருந்தால் எந்த நல்ல மனசும் எதையும் செய்திருக்க முடியாது.

இதே குடும்பத்தின் அடுத்த பிள்ளையைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2004-இல் வந்த ‘ஹேலோ 2’ எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையின் உச்சம்; எதிராளியைத் தேடும் வேலையைத் தானே செய்து, நிகரானவர்களோடு சேர்த்துவிடும் ஏற்பாட்டை உலகம் அதில்தான் பழகியது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கான அந்தச் சேவையை 2010 ஏப்ரல் 15 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அப்போது ஆட்டத்துக்குள் இருந்தவர்களின் இணைப்பு உடனே அறுபடவில்லை. அதைக் கண்டுகொண்ட ஒரு சிறு கூட்டம் பெட்டியை அணைக்க மறுத்து, மூன்று வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து, கடைசி ஆள் மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் வெளியேற்றப்பட்டார். இந்தக் கதையைப் பலரும் வீரகாவியம்போலச் சொல்கிறார்கள். எனக்கு அது அவமானமாகவே படுகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பயன்படுத்த, மின்சாரம் போய்விடக் கூடாதே என்று பெட்டியின் முன் காவல் காக்க வேண்டியிருந்தது. ‘ஹேலோ 2’ கணினிக்கும் வந்தது, 2007-இல், விண்டோஸ் விஸ்டாவில் மட்டும். முதல் ஹேலோவைவிட நான்கு வயது இளையது அது. ஆனால் இணைய ஆட்டத்துக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் லைவ் கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும். 2013-இல் அதன் இணைய வசதியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஆட்டம் உயிர்பிழைத்திருப்பது ரசிகர்கள் குடைந்து குடைந்து எழுதிய மாற்று மென்பொருளால். மூத்தது முகவரி மாற்றத்தில் பிழைத்தது. இளையதைப் பிழைக்கவைக்கப் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே தொடர். வித்தியாசம் சர்வரின் சாவியில்.

பழசைக் கட்டிக்கொண்டு அழுவானேன், அதே ஹேலோ இப்போது கணினியில் ‘மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ தொகுப்பில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 டிசம்பரில் ‘ரீச்’ பாகத்தோடு தொடங்கி, 2020 மார்ச்சில் முதல் ஹேலோவும் அதில் சேர்ந்தது. குண்டு படும் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. இருவர் சேர்ந்து ஆடும் வசதி கணினிக்கு ஒருவழியாக வந்துசேர்ந்தது. கன்சோலில் இருப்பவரும் கணினியில் இருப்பவரும் எதிரெதிரே ஆடலாம். பின்னர் களங்களை உருவாக்கும் கருவிகளையும் தந்தார்கள். புதிதாக ஆட வருகிறவருக்கு நான் பரிந்துரைப்பதும் இதைத்தான், 2003-இன் பெட்டியை இல்லை. அது இன்று கடையில் புதிதாகக் கிடைப்பதும் இல்லை. ஆனாலும் இந்தத் தொகுப்பில் இணைய ஆட்டம் ஓடுவது நிறுவனத்தின் ஏற்பாட்டில். தனி சர்வர் நடத்தும் மென்பொருள் வாங்கியவர் கைக்கு வரவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் இருந்த ஹேலோ ஆட்டங்களின் இணையச் சேவைகளை 2022 ஜனவரியில் இதே நிறுவனம் மூடியது. ஒரு நாள் இந்தத் தொகுப்புக்கும் அந்த அறிவிப்பு வரும். அன்றும் 2003-இன் அந்தக் குறைபாடுள்ள பதிப்பின் சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ரசிகர்கள் நடத்தும் சர்வர் என்றால் மோசடிக்காரர்களின் கூடாரமாகிவிடாதா என்பது அடுத்த மறுப்பு. மறைக்க ஒன்றுமில்லை: ஹேலோ கணினிப் பதிப்பில் தானாகக் குறிவைக்கும் மோசடி மென்பொருள் தாராளமாகப் புழங்கியது. சர்வர் நடத்துபவர்கள் சிலர் குட்டி ஜமீன்தார்களாக நடந்துகொண்டதும் உண்டு. தன்னைத் தோற்கடித்தவரைக் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் ஆட்களைப் பற்றிய புலம்பல் எல்லாப் பழைய ஆட்டத்திலும் கேட்பதுதான். ஆனால் நிறுவனமே நடத்தும் இன்றைய ஆட்டங்களில் மோசடி ஒழிந்துவிட்டதா? கணினியின் ஆழத்தில் நுழைந்து கண்காணிக்கும் மென்பொருளைக் கட்டாயமாக்கிய பிறகும் அந்தத் துரத்தல் முடிந்தபாடில்லை. ரசிகர் சர்வரில் கண்ணெதிரே ஒரு நடத்துநர் இருக்கிறார். மோசடிக்காரரை அந்த நிமிடமே வெளியே தள்ளுகிறார். நடத்துநரே அநியாயக்காரர் என்றால் பட்டியலில் அடுத்த சர்வருக்குப் போகலாம். நிறுவனத்தின் தவறான தடைக்கு ஆளானவர் எங்கே போவார்? தவிரவும், நான் கேட்பது நிறுவனம் உயிரோடு நடத்தும் காலத்தில் அதன் இடத்தைப் பிடுங்குவது அல்ல. அது நடத்தி முடித்த பிறகு கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கனமான மறுப்பு நிறுவனங்களின் பக்கத்திலிருந்து வருவது. யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ என்ற கார் ஆட்டத்தை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடுபவருக்கும் இணையம் கட்டாயம் என்பதால் முழு ஆட்டமும் செத்துப்போனது. அதையடுத்து ராஸ் ஸ்காட் என்ற யூட்யூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவாக உருவெடுத்து, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. பதிலுக்கு ஐரோப்பிய ஆட்டத் துறையின் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ரசிகர் சர்வர்களில் ஆடுபவரின் தரவுக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை, உரிமையாளர்மேல் பழி வரும், முழுக்க இணையத்தை நம்பிக் கட்டிய ஆட்டங்களை இப்படி மாற்றுவது கட்டுப்படியாகாத செலவு என்பது அதன் சாரம். செலவு என்ற பகுதியில் உண்மை இருக்கிறது. இன்றைய ஆட்டம் ஒரே சர்வர் மென்பொருளில் ஓடுவதில்லை. கணக்கு, பட்டியல், கடை, எதிராளித் தேடல் என்று பத்துப் பகுதிகள், அவற்றில் சில பிறரிடம் வாடகைக்கு எடுத்தவை. கட்டி முடித்த வீட்டில் அஸ்திவாரத்தை மாற்று என்றால் செலவுதான். ஆகவே பழைய ஆட்டங்களை விட்டுவிடலாம். இனி எழுதத் தொடங்கும் ஆட்டத்துக்கு, கடைசி நாளில் கைமாற்றக்கூடிய வடிவில் சர்வரை எழுதுவது ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டிய ஒரு முடிவு மட்டுமே. முடியாது என்பதை நம்பவும் முடியவில்லை: வேலன் ஸ்டூடியோஸ் என்ற சிறு நிறுவனம் தன் ‘நாக்அவுட் சிட்டி’ ஆட்டத்தை 2023 ஜூனில் மூடியபோது, ரசிகர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் கணினிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுத்தான் மூடியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு யூபிசாஃப்டே ‘தி க்ரூ 2’-க்கு இணையம் இல்லாமல் ஆடும் வழியைத் தருவதாக அறிவித்தது. சிறியவரால் முடிந்தது, பெரியவரால் நெருக்கினால் முடிந்தது.

நீங்கள் வாங்கியது ஆட்டத்தை அல்ல, அதை ஆடும் அனுமதியை என்று சட்ட நுணுக்கம் பேசுபவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கடையில் எழுதியிருப்பது ‘வாங்கு’ என்று. கலிஃபோர்னியா மாகாணம் 2024-இல் கொண்டுவந்து, 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், அனுமதியை மட்டும் விற்பவர்கள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நல்லது, ஆனால் போதாது. பறிபோகும் என்று முன்கூட்டிச் சொன்னால் மட்டும் பறிப்பது நியாயமாகிவிடாது. கேரம் பலகை செய்தவர் கடையை மூடியதும் நம் வீட்டுப் பலகையின் குழிகள் அடைபட்டுப் போனால் எந்த நுகர்வோர் மன்றமும் சும்மா இருக்காது. மாதக் கட்டணம் கட்டி ஆடும் ஆட்டமாக இருந்தால் நிலைமை வேறு. கட்டணம் நின்றால் ஆட்டமும் நிற்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஒரே தடவை முழு விலை வாங்கிக்கொண்டு, முடிவுத் தேதியை மட்டும் தன் மனசுக்குள் வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் நாட்டிலும் இது தொலைதூரத்துக் கதை இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை அரசு தடை செய்து, அக்டோபர் இறுதியில் சர்வர் நின்றபோது, வருஷக்கணக்கில் காசு போட்டுச் சேர்த்த எதுவும் கையில் மிஞ்சாது என்பதை லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் தெரிந்துகொண்டார்கள். அங்கே காரணம் அரசியல். இங்கே காரணம் கணக்குப்புத்தகம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறையையும் சேவையின் குறைபாட்டையும் பேசுகிறது. 2025-இன் இணைய ஆட்டச் சட்டத்தின் கவனமெல்லாம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள்மேல். விற்ற ஆட்டத்தை விற்றவரே அணைத்தால் என்ன என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் அநாதையாக நிற்கிறது.

பத்துப் பதினைந்து பேர் ஆடும் பழைய ஆட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஹேலோவின் ஒரு சர்வர் நிரம்ப 16 பேர் போதும். லட்சம் பேர் இல்லாவிட்டால் ஆட்டம் செத்தது என்பது, எதிராளியைத் தானாகத் தேடித்தரும் ஏற்பாட்டுக்கும் அதன் முதலீட்டாளர்களுக்கும் பொருந்தும் கணக்கு. இன்ன கிழமை இன்ன நேரம் என்று பேசி வைத்துக்கொண்டு ஒரு முகவரியில் கூடுபவர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் நிறுவனத்திடம் பணமும் கேட்கவில்லை, புதிய களமும் கேட்கவில்லை, தொலைபேசி உதவியும் கேட்கவில்லை. கேட்பது மூன்றே: விற்கும்போது குறைந்தபட்சம் எந்த ஆண்டுவரை சேவை இருக்கும் என்று அட்டையில் அச்சிடுவது, மூடும் அறிவிப்பை ஆறு மாதம் முன்பே கொடுப்பது, மூடும் நாளில் சர்வர் மென்பொருளை வெளியிட்டு, அதைக் காசில்லாமல் நடத்துபவர்கள்மேல் வழக்குப் போடாமல் இருப்பது. கடைசி நிபந்தனையைச் சும்மா சேர்க்கவில்லை. ரஷ்யச் சந்தைக்கென்று தொடங்கிக் கைவிடப்பட்ட ‘ஹேலோ ஆன்லைன்’ ஆட்டத்தை ரசிகர்கள் ‘எல்டியூரிட்டோ’ என்ற பெயரில் கணினியில் எழுப்பி நிறுத்தினார்கள். 2018-இல் அது திடீரென்று புகழ்பெற்றதும் மைக்ரோசாஃப்ட் தலையிட்டது, வளர்ச்சி நின்றது. தன் உடைமையைக் காப்பது அதன் உரிமைதான். ஆனால் கணினியில் இப்படியொரு ஹேலோவுக்கு ஏங்கிய கூட்டம் எவ்வளவு பெரிது என்று அந்தச் சில வாரங்கள் நிறுவனத்துக்கே காட்டிக்கொடுத்தன. மறு ஆண்டு டிசம்பரில் தொகுப்பு கணினிக்கு வந்தது.

சட்டம் வரும்வரை வாங்குபவர் கையிலும் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. கன்சோலில் இருந்து கணினிக்கு வரும் அடுத்த துப்பாக்கி ஆட்டத்தின் விளம்பரப் படத்தைப் பார்த்துக் கை பரபரக்கும்போது, கடைப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் படியுங்கள். தனி சர்வர் நடத்த முடியுமா, லேன் இணைப்பில் ஆட முடியுமா, நிறுவனத்தின் கணக்கு இல்லாமல் உள்ளே நுழைய முடியுமா என்று பாருங்கள். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தால் அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள். தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, வாடகைக்கு என்ன தருவீர்களோ அதை மட்டும் கொடுங்கள்.